அயலிருந்தும் அணிசேராதவை: கந்தப்பளைத் தேயிலைத் தொழிற்சாலைகள் பற்றிச் சில சிந்தனைகள்

"உற்பத்தித்திறன்" என்னும் சொல்லை நான் முதன்முதலிற் கேட்டது விரிவுரை மண்டபத்திலன்று, தோட்டத்துப் பிரட்டுக்களத்திலேயாகும். சம்பள உயர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இச்சொல்லும் உடனெழும். உற்பத்தித்திறன் உயர்ந்தாற் சம்பளமும் உயரும் என்பார்கள். அங்கே அதற்குப் பொருள் ஒன்றுதான்: ஒருத்தி ஒரு நாளிற் பறிக்கும் கொழுந்தின் கிலோக்கணக்கு. தராசின் முள் எங்கே நிற்கின்றதோ அங்கேயே அவளுடைய திறனும் நின்றுவிடும். திறன் என்பது விரல்களில் உறைவது; அது குறைந்தால் விரல்களின் குற்றம் என்றே நாங்களும் விளங்கிக்கொண்டிருந்தோம்.

பல்கலைக்கழகத்துக்கு வந்து கைத்தொழில்களின் இடவமைவு பற்றிக் கற்றபோது அதே சொல்லை வேறொரு கோலத்திற் கண்டேன். திறன் தொழிலாளியின் கையில் மட்டும் உறைவதன்று. தொழிற்சாலையின் சுவர்களுக்குள் மட்டும் உறைவதுமன்று. ஒரு தொழிற்சாலைக்கும் அதன் அயல் தொழிற்சாலைக்கும் இடையிலுள்ள வெளியிலும் அது உறைகின்றது என்று அன்றைய விரிவுரை கூறிற்று. விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மனம் கந்தப்பளையிலேயே நின்றது. அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் எழுந்த ஊர் எங்களுடையது. அவ்வாறாயின் அந்த இடைவெளியில் விளைந்திருக்கவேண்டிய திறன் எங்கே போயிற்று? அவ்வினாவுக்கு நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

ஒத்த கைத்தொழில்கள் ஓரிடத்தில் ஒருங்குசேர்வதால் விளையும் நன்மைகளை முறைப்பட எடுத்துரைத்தவர்களுள் அல்பிரட் மார்ஷல் முதன்மையானவர். 1890ஆம் ஆண்டு வெளிவந்த தமது பொருளியல் நூலில், கத்தி செய்யும் ஷெஃபீல்ட், மட்பாண்டம் செய்யும் ஸ்டஃபர்ட்ஷயர் முதலான இங்கிலாந்தின் பகுதிகளை அவர் எடுத்துக்காட்டினார். அவர் கூறிய காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, தேர்ச்சி பெற்ற தொழிலாளர் திரள். ஒரு பட்டறை மூடப்பட்டாலும் தொழிலாளி ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை; அடுத்த பட்டறை அவனை ஏற்றுக்கொள்ளும். முதலாளிக்கும் தேர்ந்த கை வேண்டுமாயின் தொலைவிலே தேடவேண்டியதில்லை. இரண்டாவது, துணைத்தொழில்கள். பல ஆலைகள் அருகருகே இருந்தால்தான் இயந்திரம் திருத்துவோனுக்கும் உதிரிப்பாகம் வார்ப்போனுக்கும் அவ்வூரிற் பிழைப்புண்டு. மூன்றாவது, அறிவின் பரவல். ஓரிடத்திற் கண்ட புதுமை அயலவன் காதுக்கு விரைவில் எட்டுகின்றது. ஊரின் தெருப்பேச்சே ஒரு தொழிற்பள்ளியாகின்றது.

பின்வந்த அறிஞர்கள் இதனை அளந்து பார்க்கவும் முயன்றனர். சிக்கோன், ஹோல் ஆகிய இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஓர் உட்பிரிவிலுள்ள தொழில்செய்வோர் செறிவு இருமடங்காகும்போது தொழிலாளரின் சராசரி உற்பத்தித்திறன் ஏறத்தாழ 6 சதவீதம் உயர்வதாகக் கண்டனர். இங்கு ஒரு தடை எழுதல் இயல்பே. செறிவினால் திறன் வந்ததா, அல்லது திறனுக்கேற்ற இடமென்பதால் ஆலைகள் அங்கே செறிந்தனவா? இத்தடையை நீக்க கிரீன்ஸ்டோன், ஹோர்ன்பெக், மொறெற்றி ஆகியோர் 2010இல் ஒரு நல்ல வழி கண்டனர். பேராலையொன்று தன் இடத்தைத் தெரியும்போது இறுதிவரை போட்டியிட்டு வென்ற பகுதியையும் தோற்ற பகுதியையும் அவர்கள் ஒப்பிட்டனர். பேராலை வந்து ஐந்து ஆண்டுகளின் பின், வென்ற பகுதியில் ஏற்கெனவே இருந்த ஆலைகளின் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் 12 சதவீதம் மேம்பட்டிருந்தது. அதனிலும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. புதிய ஆலையோடு தொழிலாளரைப் பரிமாறிக்கொள்ளும் தொழில்களிலேயே இந்நன்மை மிகுந்து காணப்பட்டது. இச்செய்தியை வாசகர் மனத்திருத்துமாறு வேண்டுகின்றேன். எங்கள் ஊரின் கதை முழுவதும் இதிலேதான் தங்கியிருக்கின்றது.

கந்தப்பளை நுவரெலியாவுக்கும் இராகலைக்கும் இடையே மலைமுகட்டில் அமைந்தது. கோர்ட்லோட்ஜ், பார்க், கொன்கோடியா, எஸ்க்டேல் என ஆங்கிலப் பெயர் தாங்கிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. பனி விலகிய காலையில் உயரமான இடமொன்றில் நின்றால், பச்சை மலைச்சரிவுகளுக்கிடையே தகரக்கூரையும் வரிசைச் சன்னல்களுமாக நிற்கும் "ஸ்டோர்"களைக் காணலாம். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் மக்கள் அப்பெயராலேயே அழைப்பர்.

இவை ஏன் இவ்வாறு அமைந்தன? விடை மார்ஷலிடம் இல்லை. 1909இல் கைத்தொழில் இடவமைவுக் கோட்பாட்டை வகுத்த அல்பிரட் வெபரிடம் உண்டு. உற்பத்தியின்போது நிறை இழக்கும் மூலப்பொருளைக் கொண்ட தொழில், அம்மூலப்பொருள் விளையும் இடத்தையே நாடும் என்றார் அவர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ வரை கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்தோ நசுங்கினாலும் சூடேறினாலும் கெட்டுவிடும். ஆதலால் பறித்த அன்றே, சில மணி நேரத்துக்குள், அது வாட்டும் தட்டுகளைச் சேரவேண்டும். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை மலைநாடெங்கும் பரவியபோது, தோட்டத்துக்கொரு ஸ்டோர் எழுந்தமைக்கு இதுவே காரணம். அவை ஒன்றையொன்று நாடி வந்தவையல்ல; ஒவ்வொன்றும் தன் தன் கொழுந்தை நாடி வந்து, தற்செயலாக அயலவை ஆனவை.

எனினும் அயலாகிவிட்டதனால் விளைந்த நன்மைகள் சிறியனவல்ல. ஒரு தோட்டத்துக்காக மட்டும் இருப்புப்பாதை போட எவரும் துணியார். பல தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் சேர்ந்தபோது அது இயல்வதாயிற்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 1904 முதல் ஓடிய குறுகிய இருப்புப்பாதை அவ்வாறு பிறந்ததே. 1940களில் வீதிப் போக்குவரத்து அதனை வென்றுவிட்டது. கொழும்பிலே 1883இல் தேயிலை ஏலம் தொடங்கிற்று. அதனைச் சுற்றித் தரகர்களும் சுவைஞர்களும் பண்டகசாலைகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் திரண்டன. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. தனியொரு தோட்டத்தால் ஆற்றவியலாத ஆராய்ச்சியை அது எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக ஆற்றிற்று. மார்ஷலின் இரண்டாவது காரணம் இங்கே ஓரளவு நிறைவேறிற்று என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது காரணமாகிய அறிவின் பரவலோ பாதியளவில் நின்றது. துரைமார் 1854 முதலே தோட்டத்துரைமார் சங்கம் அமைத்துக்கொண்டனர். 1876 முதல் நுவரெலியாவில் ஹில் கழகம் இருந்தது. கவாத்து, உரம், உலர்த்தும் இயந்திரம், ஏல விலை என எல்லாவற்றையும் அவர்கள் கூடிப்பேச இடமிருந்தது. ஆயின் இயந்திரத்தின் அருகே நின்றவர்களுக்கு அத்தகைய கூடம் எதுவும் இருக்கவில்லை. ஒரே மலையின் இருபுறத்தும் கொழுந்து அரைத்த இருவர், தாம் கற்றதைத் தொழில்முறையிற் பரிமாறிக்கொள்ள வழியற்றிருந்தனர். அறிவு காற்றிலே கலந்துதான் இருந்தது. அக்காற்று பங்களாக்களின் உயரத்திலேயே வீசிற்று.

முதலாவது காரணத்தைப் பற்றிச் சொல்ல, என் தந்தையாரைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கின்றது. அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஸ்டோரில் வேலை செய்தவர். அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செப்பு நிறம் கொள்ளும் கணத்தை மணத்தாலேயே அறிவார். மழை நாளிற் கொழுந்து எவ்வளவு நேரம் வாடவேண்டும் என்பதை ஒரு பிடி எடுத்துப் பொத்தி விரித்துப் பார்த்தே சொல்வார். இவ்வறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் ஏலத்தில் விலை கூடுவதும் குறைவதும் இதில் தங்கியிருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது, அயல் தோட்டத்து ஸ்டோரில் இருந்து அவருக்கு அழைப்பு வந்தது. நடந்தே போய்வரக்கூடிய தூரந்தான். சம்பளத்தோடு சிறு மேலதிகக் கொடுப்பனவும் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பா மறுத்துவிட்டார். பல ஆண்டுகளின் பின் நான் காரணம் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்:

"ஸ்டோரு மாறலாந்தான் தம்பி. காம்பராவையும் தூக்கிக்கிட்டா போக முடியும்?"

லயத்திலிருந்த எங்கள் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமானது. அதற்கு வாடகை பணமன்று, பேர்ப்பதிவு. வீட்டில் எவரேனும் தோட்டத்திற் பதிந்து வேலை செய்யும்வரை தான் குடியிருப்பு உறுதி. அம்மாவின் வேலையும், முற்றத்து மரக்கறிப் பாத்தியும், எங்கள் பள்ளிக்கூடமும், கோயிலும் அந்தக் காம்பராவோடு பிணைந்திருந்தன. அப்பா அசைந்திருந்தால் அவையெல்லாம் அசைந்திருக்கும். ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளி பட்டறை மாறியபோது வீட்டை மாற்றவேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வேறுபாட்டிலே மார்ஷலின் முதலாவது காரணம் எங்கள் மலையில் முறிந்துபோயிற்று.

இம்முறிவு தற்செயலானதன்று, அதற்கொரு வரலாறுண்டு. முற்காலத்தில் "துண்டு" முறை இருந்தது. தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமாயின் அவனுடைய கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொள்ளவேண்டும். கடன் அவனோடு கூடவே நடந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் போயிற்று, காம்பரா நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே நிலமோ தொழிலோ தேடுவது பின்னும் அரிதாயிற்று. சம்பளமும் ஒரே அளவினதாக வகுக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் முதல், பின்வந்த கூட்டு ஒப்பந்தங்கள் ஊடாக, 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக நிர்ணயித்தது வரை, எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே தொகைதான். குறைந்தபட்சச் சம்பளம் நம் மக்களுக்கு அரணாயிற்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளி நகரமுடியாத இடத்தில் அடித்தளமாக இடப்பட்ட தொகையே கூரையுமாகிவிடுகின்றது. தேர்ந்த கையை அயலவன் கவர்ந்துவிடுவான் என்ற அச்சம் இல்லாத முதலாளி, அக்கைக்கு மேலும் கற்பிக்கவோ கூடுதலாகக் கொடுக்கவோ ஏன் முனையவேண்டும்? 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளுக்குச் சென்றது. உடைமையாளர் மாறினர், காம்பராவுக்கும் வேலைக்கும் இடையிலான முடிச்சு மாறவில்லை.

இதன் மறுபக்கத்தை என் அக்காவின் வாயிலாக அறிந்தேன். அவர் உயர்தரப் பரீட்சையின் பின், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையொன்றிற் சேர்ந்தார். முதலில் உதவியாள், ஆறு மாதத்தில் இயந்திரம் தைப்பவர். ஓராண்டு கழியுமுன் வேறொரு தொழிற்சாலைக்கு மாறிக் கூடுதற் சம்பளம் பெற்றார். "போடிங்" அறை மாறவேயில்லை. அந்த அறையில் ஐந்து தொழிற்சாலைகளைச் சேர்ந்த எட்டுப் பெண்கள் இருந்தனர். எங்கே மேலதிக வேலை உண்டு, எங்கே புதிய இயந்திரம் வந்திருக்கின்றது, கையைச் சீராக இணைக்கும் எளிய முறை எது என்பதெல்லாம் இரவுச் சோற்றோடு பரிமாறப்பட்டன. அப்பா இருபத்தைந்து ஆண்டுகளிற் பெறாத பேரம்பேசும் வலிமையை அக்கா ஓராண்டிற் பெற்றார். அக்கா அப்பாவைவிடக் கெட்டிக்காரர் என்பதன்று காரணம்; அவருடைய படுக்கை அவருடைய முதலாளிக்குச் சொந்தமாயிருக்கவில்லை.

கடலுக்கப்பாலும் எங்களுக்கு ஒரு சாட்சி உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருள் என் பாட்டனாரின் தம்பி குடும்பமும் ஒன்று. முதலில் நீலகிரியில் மீண்டும் தேயிலை. மூன்றாவது தலைமுறை திருப்பூரில் இருக்கின்றது. அங்கே பின்னல், சாயம், வெட்டு, தையல், அச்சு, பெட்டியிடல் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சிறு நிறுவனங்கள். ஒரு பனியன் பல கைகள் மாறி முடிவடைகின்றது. உறவினரான அண்ணன் ஒருவர் "கைமடி"யாகச் சேர்ந்து, தையற்காரராகி, இப்போது நண்பர் இருவரோடு நான்கு இயந்திரங்கள் வாங்கிக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கின்றார். வேலை கற்றவன் விலகிச்சென்று தானே ஒரு நிறுவனம் தொடங்குவது அங்கே துரோகமன்று, வழக்கம். அவ்வழக்கத்தினாலேயே அந்நகரம் இந்தியப் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியின் தலைநகராயிற்று எனலாம்.

தேயிலையின் இயல்பே வேறு, ஆடையோடு அதனை ஒப்பிடலாமோ என ஒருவர் வினவக்கூடும். அவருக்கு நம் நாட்டின் தாழ்நிலமே விடை தரும். இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களிற் சிறுதோட்ட உடைமையாளர் தம் கொழுந்தை வாங்குவதற்குத் தொழிற்சாலைகள் போட்டியிடுகின்றன. ஒன்று குறைவாகக் கொடுத்தாற் கொழுந்து மறுநாள் மற்றதன் லொறியில் ஏறிவிடும். இன்று இலங்கைத் தேயிலையிற் பெரும்பங்கு சிறுதோட்டங்களிலிருந்தே வருகின்றது. அதே செடி, அதே இயந்திரம். ஆனால் கொழுந்துக்கு உரியவர் தம் நிலத்தில் நிற்கின்றார்.

ஒருங்குசேர்வு குற்றமற்றதென்று நான் வாதிடவில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அது சென்றது. எட்டுப் பேர் உறங்கிய அக்காவின் அறையில் ஒரேயொரு சன்னல்தான் இருந்தது. மலைநாட்டுத் தேயிலையின் தளர்வுக்கு, முதிர்ந்த செடிகள், அரித்த மண், 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத்தடை போன்ற வேறு காரணங்களும் உண்டு. காம்பரா முடிச்சை அவிழ்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஆயினும் அயலிருத்தல் வேறு, அணிசேர்தல் வேறு என்பது மட்டும் உறுதி. கட்டடங்களை அருகருகே நாட்டுவதாற் கைத்தொழில் ஒருங்குசேராது. அவற்றுக்கிடையே மனிதர் தடையின்றி நடக்கும் பாதையே அதனை ஒருங்குசேர்க்கின்றது.

கந்தப்பளைக்கு வருவோர் தவறாமற் காணும் கட்டடம் ஒன்றுண்டு. ஹெதர்செட் தோட்டத்தின் பழைய ஸ்டோர், இயங்காமற் கிடந்து, 1996இல் உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் இன்று விருந்தினரின் படுக்கையறைகள்; பழைய இயந்திரங்கள் காட்சிப்பொருள்கள். பாழாய்ப் போகாமற் காத்தமை பாராட்டத்தக்கதே. ஒரு முறை அப்பாவோடு அவ்வழியே போனபோது, அந்த மாடிச் சன்னல்களை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "காத்து நல்லா வர்ற மாடி. இங்க கொழுந்து ஒரே சீரா வாடியிருக்கும்" என்றார். ஒரு நாளும் வேலை செய்திராத ஸ்டோரின் தரத்தை வெளியே நின்றே மதிப்பிட அவரால் முடிந்தது. அத்தகைய அறிவு எத்தனை ஸ்டோர்களில், எத்தனை பேரிடம், தான் பிறந்த சுவருக்குள்ளேயே கிடந்து மறைந்திருக்கும்!

தோட்டத் தொழிலாளருக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் வழங்குவது பற்றி இப்போது பேசப்படுகின்றது. சில இடங்களில் வழங்கப்பட்டும் உள்ளது. அதனை இரக்கத்தின் பேராலோ, உரிமையின் பேராலோ வாதிடுவர். இரண்டும் நியாயமே, உரிமையே முதன்மையானது. பொருளியல் கற்கும் மாணவன் என்ற வகையில் நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பேன். வேலையோடு பிணைக்கப்படாத, உறுதியுடன் கூடிய வீடு ஓர் உற்பத்திச் சாதனமுமாகும். அது கிடைத்தால் தொழிலாளி நடப்பான். அவனோடு அறிவு நடக்கும். அறிவு நடக்குமிடத்தில் அடுத்தடுத்த ஸ்டோர்கள் மெய்யாகவே அயலவை ஆகும். கம்பனிகளும் இதனாற் கெடமாட்டா. தேர்ந்த கையை இழக்கும் அச்சமே அவற்றை மேன்மைப்படுத்தும்.

பிரட்டுக்களத்தில் இனியும் உற்பத்தித்திறன் பற்றிப் பேசட்டும். ஆனால் தராசின் முள்ளை மட்டும் பார்த்துப் பேசவேண்டாம். காம்பராவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்று அப்பா கேட்ட கேள்விக்கும் அங்கேயே விடை சொல்லவேண்டும்.